புளிப்பை அறியும் கொழுப்பு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரோமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மைக்ரோமீட்டராக உள்ள ஒரு கனசதுரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பாக்டீரியாவின் கொள்ளளவு ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் திரவத்தின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7 என்றால், அங்கே யாரோடும் சேராமல் திரியும் புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) எத்தனை இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 60 வருகிறது. லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை, வெறும் அறுபது. நம் உடல் செல்களில் உள்ள அடர்த்தியில் பொட்டாசியத்தை அதே கனசதுரத்தில் எண்ணினால் 8 கோடியைத் தாண்டும்.

அப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு பொருளின் ஏற்ற இறக்கத்துக்கு செல் காட்டும் அக்கறை மட்டும் மிகப் பெரியது. நொதிகளின் வேகம், புரதங்களின் மடிப்பு, செல் வளரலாமா அடங்கியிருக்கலாமா என்ற முடிவு எல்லாமே அந்தச் சொற்ப புரோட்டான்களின் அளவைப் பொறுத்து மாறுகின்றன. சரி, இவ்வளவு குறைவாக இருப்பதை யார் கவனிக்கிறார்கள், கவனித்ததை யாரிடம் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பதில், பலர் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது: செல்லைச் சுற்றியும் செல்லுக்கு உள்ளேயும் விரிந்திருக்கும் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில்.

முதலில் பிஎச் பற்றிக் கொஞ்சம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் 1909-ல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். பீர் தயாரிப்போடு பிறந்த ஆய்வகம் அது. இந்தக் கட்டுரையின் முக்கியப் பாத்திரமும் ஈஸ்ட்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அளவுகோல் மடக்கைக் கணக்கில் அமைந்தது, அதனால் எண் ஒன்று குறைந்தால் புரோட்டான் அடர்த்தி பத்து மடங்கு கூடும். செல்லுக்குள் எல்லா இடத்திலும் ஒரே பிஎச் கிடையாது. செல்லின் பொதுவான உட்திரவமான சைட்டோசாலில் சுமார் 7.2, மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் ஏறக்குறைய 8, பழையதைச் சிதைக்கும் லைசோசோமில் 4.5 முதல் 5 வரை. லைசோசோமுக்கும் அதைச் சூழ்ந்த திரவத்துக்கும் இடையில் நூற்றைம்பது மடங்குக்கும் மேலான வித்தியாசம். நடுவில் இருப்பது ஐந்தாறு நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கொழுப்புப் படலம்தான்.

திரியும் புரோட்டான்கள் குறைவு என்றேன். ஆனால் செல்லுக்குள் மொத்தமாகப் புரோட்டான்களுக்குப் பஞ்சமில்லை, பெரும்பாலானவை ஏதாவது ஒரு மூலக்கூறின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, இறங்குகின்றன, வேறொன்றின் மேல் ஏறுகின்றன. பிஎச் மாறுகிறது என்றால், எந்த மூலக்கூறு புரோட்டானைப் பிடித்திருக்கிறது, எது விட்டுவிட்டது என்ற கணக்கு மாறுகிறது என்று பொருள். ஒவ்வொரு அமிலத் தொகுதிக்கும் பிகேஏ என்று ஒரு எண் உண்டு: சரிபாதி மூலக்கூறுகள் புரோட்டானோடும் சரிபாதி இல்லாமலும் இருக்கும் பிஎச் அளவு அது. பிகேஏ 2 உள்ள தொகுதி செல்லுக்குள் எப்போதும் புரோட்டானை இழந்தே இருக்கும், 12 உள்ளது எப்போதும் பிடித்தே இருக்கும். இரண்டுக்கும் செல்லின் பிஎச் மாறினால் ஒன்றும் ஆகாது. 7-ஐ ஒட்டிய பிகேஏ உள்ளதுதான் சின்ன மாற்றத்துக்கும் அசைந்து கொடுக்கும். ஆக, செல்லுக்குள் அமிலத்தன்மையை உணரும் வேலைக்குத் தகுதி ஒன்றே ஒன்றுதான், பிகேஏ 7-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புரதங்களில் அந்தத் தகுதிக்கு அருகில் வருவது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். அதன் பக்கத்தொகுதியின் பிகேஏ 6 முதல் 6.5 வரை. அமிலத்தை உணரும் புரதங்கள் என்று நமக்குத் தெரிந்தவை நிறைய. புரோட்டான் பட்டால் திறக்கும் ஏசிக் அயனிக் கால்வாய் 1997-ல் அடையாளம் காணப்பட்டது. நாக்கின் சுவைச் செல்களில் புரோட்டானையே உள்ளே விடும் ஓட்டோப்-1 கால்வாய் 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. நல்ல கதைகள்தான், ஆனால் அவற்றைப் பலர் எழுதிவிட்டார்கள். கொழுப்புகளின் கதையைத் தமிழில் அதிகம் காணோம்.

சவ்வு என்றதும் பாடப்புத்தகப் படம்தான் ஞாபகம் வரும்: தலையும் இரண்டு வாலும் உள்ள குண்டூசிகள் இரண்டு வரிசையாக நிற்கும், நடுவில் அங்கங்கே பெரிய பெரிய புரதங்கள் மிதக்கும். அந்தப் படத்துக்கு மதிப்பான வரலாறு இருக்கிறது. 1925-ல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் பரப்பி அளந்தார்கள், செல்லின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, அதனால் சவ்வு இரட்டை அடுக்கு என்றார்கள். 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் அதைத் திரவ மொசைக் மாதிரியாக விரித்தார்கள். படத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி வட்டங்களாக இருக்கின்றன. வேலை செய்வது புரதம், இடம் கொடுப்பது கொழுப்பு என்ற எண்ணம் அந்த வட்டங்களிலிருந்தே மனதில் பதிந்துவிடுகிறது. நடப்போ வேறு. ஒரு செல்லின் சவ்வுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைக் கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கின்றன, தலைகள் வேறு, வால்களின் நீளம் வேறு, மின்சுமை வேறு. செல்லுக்கு வரும் சேதியைக் கடத்துவதில் கொழுப்புக்குப் பங்கு உண்டு என்பதற்கான முதல் தடயமும் புதிதல்ல, 1953-லேயே மேபல் ஹோக்கினும் லோவல் ஹோக்கினும் கணையத் துண்டுகளில், நரம்புச் சேதியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சேர்த்தபோது சவ்வுக் கொழுப்புகளில் பாஸ்பரஸ் வேகமாக மாறுவதைக் கண்டுவிட்டார்கள்.

இப்போது தலைகளுக்கு வருவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தில் கழலக்கூடிய புரோட்டான்கள் மூன்று. அவற்றின் பிகேஏ எண்கள் ஏறக்குறைய 2.1, 7.2, 12.3. நடுவில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள்: 7.2, சைட்டோசாலின் பிஎச்சும் அதுவே. சவ்வின் பெரும்பான்மைக் கொழுப்புகளில், அதாவது பாஸ்பாடிடைல்கோலின், பாஸ்பாடிடைல்எத்தனாலமின் போன்றவற்றில், பாஸ்பேட்டின் இரு பக்கமும் கட்டப்பட்டிருக்கிறது; ஒரு பக்கம் கிளிசரால், மறுபக்கம் கோலின் அல்லது எத்தனாலமின். இரு பக்கமும் கட்டியதும் அந்த 7.2 புரோட்டானுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது பிகேஏ மிகக் குறைந்த ஒன்றுதான், அது எப்போதும் கழன்றே இருக்கும். ஆகவே இந்தக் கொழுப்புகளின் பாஸ்பேட்டுக்கு செல்லின் பிஎச் எப்படி மாறினாலும் ஒரே எதிர்மின்சுமை, மாற்றமே இல்லை.

பாஸ்பேட்டின் ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டு மறுபக்கம் வெறுமையாக இருந்தால் கதை மாறும். பாஸ்பாடிடிக் அமிலம் அப்படிப்பட்டது. சவ்வுக் கொழுப்புகளிலேயே மிக எளிய தலை அதனுடையது: வெறும் பாஸ்பேட், அவ்வளவுதான். அந்த இரண்டாவது புரோட்டான் அதில் பத்திரமாக இருக்கிறது. அது ஒட்டியிருந்தால் தலையின் மின்சுமை மைனஸ் ஒன்று, கழன்றுவிட்டால் மைனஸ் இரண்டு. அதன் பிகேஏயை நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழுவினர் (எட்கர் கூய்மன், பென் டி கிரைஃப் முதலானோர்) பாஸ்பரஸ் அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையில் கவனமாக அளந்தார்கள். பாஸ்பாடிடைல்கோலினுக்கு நடுவில் வைத்தால் அந்த எண் 8-ஐ ஒட்டி வருகிறது, பாஸ்பாடிடைல்எத்தனாலமினைச் சேர்த்துவிட்டால் 7-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் கொழுப்பின் அமீன் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பு கொடுத்து, புரோட்டான் கழல்வதைச் சுலபமாக்குகிறது. அதாவது இந்த உணர்வியின் அளவீடு அதன் அக்கம்பக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. செல் தன் சவ்வின் கலவையை மாற்றினால், எந்த பிஎச்சில் சேதி போக வேண்டும் என்பதும் கூடவே மாறும்.

புரதம் வந்து ஒட்டும்போதும் இதேதான் நடக்கிறது. பாஸ்பாடிடிக் அமிலத்தோடு சேரும் புரதங்களில் லைசின், ஆர்ஜினின் என்ற நேர்மின்சுமை உள்ள அமினோ அமிலங்கள் இருக்கும். எதிர்மின்சுமை நேர்மின்சுமையை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உட்ரெக்ட் குழு 2007-ல் சொன்னது அதற்கு ஒரு படி மேலே: லைசின் அருகில் வந்து பாஸ்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டதும், அந்தப் பாஸ்பேட் மிச்சமிருந்த புரோட்டானையும் விட்டுவிடுகிறது, மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டாகிறது, பிடி இறுகுகிறது. மின் ஈர்ப்பில் தொடங்கி ஹைட்ரஜன் பிணைப்பில் பூட்டிக்கொள்ளும் ஒரு சுவிட்ச். இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை. இவ்வளவு சிறிய ஒரு தலைக்குள் இவ்வளவு நுட்பமா என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிகேஏ 6.9 என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 7.2-ல் நூறு பாஸ்பாடிடிக் அமில மூலக்கூறுகளில் சுமார் 67 மைனஸ் இரண்டு நிலையில் இருக்கும். பிஎச் 6.2-க்கு இறங்கினால் அது சுமார் 17 ஆகிவிடும். கொழுப்பின் எண்ணிக்கை ஒன்றுகூட குறையவில்லை, புதிதாக எதுவும் தயாரிக்கப்படவும் இல்லை, எந்த நொதியும் தலையிடவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்த புரதத்தின் பார்வையில், பிடிக்கத் தோதான மூலக்கூறுகள் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. புரதம் வந்து பூட்டிக்கொள்ளும்போது பிகேஏயே நகர்வதால் உண்மையான செல்லில் எண்கள் இதே மாதிரி இருக்காது, ஆனால் திசை இதுதான்.

இது வெறும் வேதியியல் சாத்தியமா, உயிருள்ள செல் இதைப் பயன்படுத்துகிறதா? அதற்கான பதில் ஈஸ்டிலிருந்து வந்தது.

ஈஸ்டில் ஓபி-1 என்று ஒரு புரதம் உண்டு. சவ்வுக்கான கொழுப்புகளைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை அடக்கிவைப்பது அதன் வேலை. அந்த மரபணுக்களில் புகழ்பெற்றது, சர்க்கரை போன்ற சின்ன மூலக்கூறான இனாசிட்டாலைத் தயாரிக்க உதவும் ஐஎன்ஓ-1. ஓபி-1 செல்லின் உட்கருவுக்குள் போனால் மரபணுக்கள் அடங்கும். வெளியே எங்காவது கட்டிப்போட்டால் அவை சுறுசுறுப்பாக இயங்கும். எங்கே கட்டிப்போடுவது? உட்கருவை ஒட்டியிருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில். கட்டுவதற்கு இரண்டு பிடிகள், ஒன்று எஸ்சிஎஸ்-2 என்ற சவ்வுப் புரதம், மற்றது நம் பாஸ்பாடிடிக் அமிலம். கிறிஸ்டோபர் லோவனும் மற்றவர்களும் 2004-ல் சயின்ஸ் இதழில் காட்டியது இதுதான்: இனாசிட்டால் நிறைய கிடைத்தால் அதைக் கொண்டு பாஸ்பாடிடைல்இனாசிட்டால் தயாராகும், அந்தத் தயாரிப்பு பாஸ்பாடிடிக் அமிலத்தைச் செலவழிக்கும், அது குறைந்ததும் ஓபி-1 பிடி விட்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை அடக்கும். மூலப்பொருளின் அளவே சேதியாகிறது. இது மட்டும் என்றாலே அழகான கண்டுபிடிப்பு.

2010-ல் அடுத்த கட்டம் வந்தது, அதுவும் சயின்ஸ் இதழில்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாரி யங், லோவன் முதலானோர் ஈஸ்டைக் குளுக்கோஸ் இல்லாமல் பட்டினி போட்டார்கள். செல்லின் உட்புற பிஎச் வேகமாக இறங்கியது. பாஸ்பாடிடிக் அமிலத்தின் தலையில் புரோட்டான் ஏறியது, ஓபி-1 பிடியை விட்டது, உட்கருவுக்குள் போனது, கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கின. உணவு இல்லாத நேரத்தில் புதுச் சவ்வு கட்டக் கூடாது என்ற முடிவு இப்படி எடுக்கப்படுகிறது.

குளுக்கோஸ் போனால் பிஎச் ஏன் இறங்க வேண்டும்? ஈஸ்டின் வெளிச்சவ்வில் பிஎம்ஏ-1 என்ற பம்பு இருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை ஓயாமல் வெளியே தள்ளுவது அதன் வேலை, செல் ஈட்டும் ஏடிபியில் கணிசமான பங்கு இதற்கே போகிறது. குளுக்கோஸ் நின்றால் அதன் வேகம் குறைகிறது. ஈஸ்டின் சேமிப்புப் பையான கொள்குமிழிக்குள் புரோட்டானைத் தள்ளும் வி-ஏடிபேஸ் பம்பு இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாகக் கழன்று வேலையையே நிறுத்திவிடுகிறது. வெளியேற்றுபவர் இல்லாததால் சைட்டோசால் புளிக்கிறது. இங்கேதான் எனக்குப் பிரமிப்பு. செல்லின் கையிருப்பு ஆற்றலை அளக்க வேண்டுமானால் பம்பு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தால் போதும். பம்பின் ஓட்டம் பிஎச்சில் தெரியும், பிஎச் பாஸ்பாடிடிக் அமிலத்தின் மின்சுமையில் தெரியும், மின்சுமை ஓபி-1 இருக்கும் இடத்தில் தெரியும், இடம் மரபணுவில் தெரியும். இந்தச் சங்கிலிக்குள் குளுக்கோஸை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் ஏற்பி ஒன்றுகூட வேண்டியதில்லை. (ஈஸ்டில் குளுக்கோஸை உணரும் தனி ஏற்பிகளும் உண்டு, அவை வேறு வழிகளில் வேலை செய்பவை.)

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. பாஸ்பாடிடிக் அமிலம் ஒரு ஓரமாக நின்று அளவெடுக்கும் கருவி அல்ல. ஈஸ்டில் மற்ற கிளிசரோபாஸ்போலிப்பிடுகள் எல்லாமும், சேமிப்புக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் அதிலிருந்தே உண்டாகின்றன. சவ்வு கட்டும் வேலையின் மூலப்பொருளே, சவ்வு கட்டலாமா வேண்டாமா என்ற சேதியையும் சுமக்கிறது. இரண்டு விஷயங்களை அது ஒரே நேரத்தில் சொல்கிறது: எவ்வளவு இருக்கிறேன் என்பதைத் தன் எண்ணிக்கையால், ஆற்றல் இருக்கிறதா என்பதைத் தன் மின்சுமையால். ஓபி-1 இரண்டையும் சேர்த்தே படிக்கிறது. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வின்படி, அந்தக் கொழுப்பின் வால் நீளத்தைக்கூட ஓபி-1 பிரித்தறிகிறது. தலையில் பிஎச், வாலில் நீளம், மொத்தத்தில் அளவு. தகவலுக்கென்று தனியாக ஒரு மூலக்கூறு செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இதைச் சொன்னால் கூர்மையானவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: புரோட்டான் ஏறுவது கொழுப்பின் மேலா, புரதத்தின் மேலா? பிஎச் மாறினால் இரண்டுமே மாறலாம் அல்லவா? நியாயமான சந்தேகம். இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. லைசினின் பிகேஏ 10-க்கு மேல், ஆர்ஜினினின் பிகேஏ அதற்கும் மேல், 6-க்கும் 7-க்கும் இடையில் அவை அசையாது. அப்புறம், புரதத்தை மாற்றாமல் கொழுப்பின் அக்கம்பக்கத்தை மட்டும் மாற்றி அதன் பிகேஏயை நகர்த்த முடியும். பிணைப்பு எந்த பிஎச்சில் அறுகிறது என்ற இடமும் கூடவே நகர்ந்தால், உணர்வது கொழுப்புதான். செயற்கைக் கொழுப்புக் குமிழிகள் இந்த மாதிரி சோதனைக்கு அருமையானவை, கலவையை நாமே தீர்மானிக்கலாம்.

பாஸ்பாடிடிக் அமிலம் மட்டும்தானா என்றால் இல்லை. வெறும் பாஸ்பேட் முனை உள்ள எல்லாக் கொழுப்புக்கும் இந்தத் தகுதி உண்டு: செராமைடு-1-பாஸ்பேட், இனாசிட்டால் தலையில் கூடுதல் பாஸ்பேட் ஏறிய பாஸ்போஇனாசிட்டைடுகள் எல்லாம் இந்த வரிசையில் வரும். 2020-ல் லோவனின் குழு, ஈஸ்டின் கோல்கை அமைப்பின் வெளிமுனையில் பாஸ்பாடிடைல்இனாசிட்டால் 4-பாஸ்பேட்டும் பிஎச்சை உணர்கிறது என்று காட்டியது. எந்தப் புரதத்தை எங்கே அனுப்புவது என்று பிரித்து அனுப்பும் இடம் அது. ஆற்றல் குறைந்தால் சவ்வு கட்டுவது மட்டுமா, சரக்குப் போக்குவரத்தும் அதே புரோட்டான் கணக்கில் மாறுகிறது.

எல்லா இடத்திலும் கொழுப்பே உணர்வி என்று நினைத்துவிட வேண்டாம். செல் விழுங்கியதை ஏந்தும் பையான எண்டோசோமில் இருக்கும் பாஸ்பாடிடைல்இனாசிட்டால் 3-பாஸ்பேட்டைப் பிடிக்கும் எஃப்ஒய்விஇ என்ற புரதப் பகுதிகளில், புரதத்தின் ஹிஸ்டிடின்தான் புரோட்டானை ஏற்கிறது. பிஎச் இறங்கினால் பிடி இறுகும், பாஸ்பாடிடிக் அமிலத்துக்கு நேர் எதிர்த் திசை. செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளை வெட்டும் கோஃபிலின் புரதமும் ஹிஸ்டிடினை நம்புவதுதான்: பிஎச் ஏறும்போது அது வெளிச்சவ்வின் பாஸ்பாடிடைல்இனாசிட்டால் 4,5-பிஸ்பாஸ்பேட்டிலிருந்து விடுபட்டு வேலைக்குக் கிளம்பும், செல் நகரத் தொடங்கும். புற்றுச் செல்கள் விஷயத்தில் இது கவனிக்க வேண்டியது, ஏனென்றால் பல கட்டிகளில் செல்லின் வெளிப்புறம் வழக்கத்தைவிடப் புளித்தும் உட்புறம் சற்றே காரத்தன்மையோடும் இருக்கிறது. புரோட்டானை வெளியேற்றும் என்ஹெச்இ-1 என்ற புரதம் அதில் பெரிய பங்கு வகிக்கிறது, அந்தப் புரதமே இதே கொழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நன்றாக இயங்குகிறது.

லைசோசோமில் வேறொரு ஏற்பாடு. அங்கே பிஎம்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு கொழுப்பு, உள்ளே மிதக்கும் சின்னக் குமிழிகளின் சவ்வில் நிறைய இருக்கும். அதன் பாஸ்பேட்டின் இரு பக்கமும் கட்டப்பட்டது, ஆகவே பிஎச் 4.5-லும் எதிர்மின்சுமையை விடாது. கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளோ அந்தப் புளிப்பில் நேர்மின்சுமை பெற்றுவிடுகின்றன. விளைவு, நொதிகள் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சிதைக்கும், லைசோசோமின் வெளிச்சுவரோ சர்க்கரை போர்த்திய புரதங்களால் காக்கப்பட்டு அப்படியே நிற்கும். இங்கே கொழுப்பு மாறாமல் இருப்பதுதான் அதன் பங்கு.

இயற்கை செய்வதை மனிதர்கள் தெரிந்தே செய்துகாட்டிய ஓர் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இருக்கும் கொழுப்பு நானோத்துகள்கள். ஆர்என்ஏ எதிர்மின்சுமை நிறைந்தது, அதைப் பொதிந்துகொள்ள நேர்மின்சுமை உள்ள கொழுப்பு வேண்டும். ஆனால் எப்போதும் நேர்மின்சுமையோடே இருக்கும் கொழுப்பு உடலுக்குள் நச்சாகிவிடும். அதனால் பிகேஏ 6-க்கும் 7-க்கும் நடுவில் விழுமாறு அமீன் தலை கொண்ட கொழுப்புகளை வேதியியலாளர்கள் வடிவமைத்தார்கள். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்தில் உள்ள எம்சி-3 கொழுப்பின் பிகேஏ சுமார் 6.4. ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியின் ஏஎல்சி-0315 கொழுப்புக்கு 6.1 அளவில், மாடர்னாவின் எஸ்எம்-102 கொழுப்புக்கு 6.7 அளவில். ரத்தத்தின் பிஎச் 7.4-ல் எம்சி-3 மூலக்கூறுகளில் பத்தில் ஒன்று மட்டுமே மின்சுமையோடு இருக்கும், அதனால் துகள் அமைதியாகப் பயணிக்கும். செல் அதை விழுங்கி எண்டோசோமில் போட்டதும் பிஎச் 5.5 பக்கம் இறங்கும், அப்போது பத்தில் ஒன்பது மின்சுமை பெற்றுவிடும். எண்டோசோம் சவ்வின் எதிர்மின்சுமைக் கொழுப்புகளோடு அவை சேர்ந்ததும் இரட்டை அடுக்கின் ஒழுங்கு குலைகிறது, ஆர்என்ஏ சைட்டோசாலுக்குள் தப்பிக்கிறது. தப்பிப்பது மிகச் சிறிய பங்குதான், ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. இந்தத் துகள்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான பீட்டர் கல்லிஸும் அதே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும், இந்த விஷயத்தைப் பேசினாலே சிலர் உடனே அங்கே போய்விடுகிறார்கள். செல்லுக்குள் பிஎச் இவ்வளவு முக்கியம் என்பதால், காரத் தண்ணீர் குடித்து உடம்பைக் காரமாக்கலாம் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. ரத்தத்தின் பிஎச்சை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன, குடிக்கும் தண்ணீர் முதலில் சந்திப்பது வயிற்றின் கடும் அமிலத்தை. நான் மேலே சொன்ன எதுவும் அந்த விளம்பரங்களுக்கு ஆதாரம் ஆகாது, யாராவது அப்படிக் காட்டினால் நம்ப வேண்டாம்.

இந்தத் துறையில் இப்போது கடினமாக இருப்பது அளப்பதுதான். உயிருள்ள செல்லின் பிஎச்சைப் பார்க்கப் பெரிதும் பயன்படுவது பிஎச்ஃபுளோரின், பச்சை ஒளிரும் புரதத்தை மாற்றி 1998-ல் உருவாக்கியது. அதைச் சைட்டோசாலில் வைத்தால் சைட்டோசாலின் சராசரி தெரியும். ஆனால் பாஸ்பாடிடிக் அமிலம் இருப்பது சவ்வின் மேற்பரப்பில், அங்கே எதிர்மின்சுமை புரோட்டான்களை இழுத்து வைத்திருக்கும். மேற்பரப்பில் சுமார் 60 மில்லிவோல்ட் எதிர் மின்னழுத்தம் இருந்தாலே அந்த இடத்தின் பிஎச் திரவத்தைவிட ஒரு முழு எண் குறைவாக இருக்கும். போதாததற்கு, பாஸ்பாடிடிக் அமிலம் கூடினால் எதிர்மின்சுமையும் கூடும், தான் உணரும் பிஎச்சையே அது கொஞ்சம் மாற்றிவிடும். செயற்கைக் குமிழிகளில் அணுக்கருக் காந்த ஒத்திசைவு ஒரு பாஸ்பேட்டில் புரோட்டான் இருக்கிறதா இல்லையா என்பதை நேராகச் சொல்லிவிடுகிறது, உயிருள்ள செல்லிலோ இந்தக் கொழுப்பு மிகக் குறைவு, கிடைக்கும் சமிக்ஞை போதாது. ஓபி-1 மாதிரியான புரதங்களில் ஒளிரும் குறியைக் கோத்து, அவை எப்போது சவ்வை விடுகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் கொழுப்பின் நிலையை ஊகிக்கிறார்கள். ஒரு கொழுப்புத் தலையின் மின்சுமையை, அது இருக்கும் இடத்திலேயே, செல்லைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாகக் காட்டும் ஒரு குறிப்பான் கிடைத்தால், ஈஸ்டில் பார்த்தது நம் செல்களில் எந்தெந்தச் சவ்வில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். ராஃப்-1, எம்டார் என்று வளர்ச்சியை ஆளும் புரதங்களும் பாஸ்பாடிடிக் அமிலத்தைப் பிடிப்பவைதான் என்பதால், அந்தப் பட்டியலில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை அவை என்று நினைக்கிறேன்.